நோட்டை எப்போது மூடுவது?

கேள்வி: 2024 ஜூன் 9

ஈரோட்டுப் பக்கம் எங்கள் தையல் யூனிட். 45 பேர் வேலை செய்கிறார்கள். சலான், சம்பளம், சரக்கிருப்பு எல்லாமே நோட்டுதான். படிப்பு முடித்து வந்த மகன் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்கிறான். ஒருவர் வந்து திரையில் வண்ண வண்ணமாகக் காட்டிவிட்டு மூன்று லட்சம் என்றார். கணக்குப்பிள்ளையோ, "நோட்டில் இல்லாதது அதில் என்ன இருக்கப் போகுது" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

2024 ஜூன் 10

மூன்று லட்சத்தை எடுத்து உள்ளே வையுங்கள். இப்போதைக்கு ஒரு வெள்ளைத்தாள் போதும்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 2008 முதல் ஆபீஸ் பார்க்கிறேன். 70 மிஷின். சாயம் போட டையிங் போய்த் திரும்பும் துணியின் எடையை எத்தனை இடத்தில் எழுதுகிறோம் என்று ஒருநாள் எண்ணினேன். கேட்டில் வாட்ச்மேன் நோட்டு. டையிங்காரர் கொடுத்தனுப்பும் டிசி, அதாவது டெலிவரி சலான். குடோன் நோட்டு. கட்டிங் மாஸ்டர் சட்டைப்பையில் வைத்திருக்கும் குட்டி நோட்டு. பில் சரிபார்க்கும் பேடு. கடைசியாகக் கம்ப்யூட்டரில் டேலி என்ற கணக்கு மென்பொருள். ஒரே எடைக்கு ஆறு இடம். ஆறில் மூன்று ஒத்துப்போனால் அந்த வாரம் நல்ல வாரம். மற்ற வாரங்களில் வெள்ளிக்கிழமை முழுக்க நானும் கணக்குப்பிள்ளையும் ஆளுக்கொரு நோட்டை வைத்துக்கொண்டு எண்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருப்போம், பஜனை மாதிரி.

உங்கள் யூனிட்டிலும் எண்ணிப் பாருங்கள். எந்த எண்ணை அதிகத் தடவை எழுதுகிறீர்களோ அங்கே கை வையுங்கள். எங்களுக்கு அது ஜாப் ஒர்க் சரக்கின், அதாவது வெளியே வேலைக்கு அனுப்பி வாங்கும் துணியின், எடை. உங்களுக்கு வேறாக இருக்கலாம். எப்படியும் 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு நகர்ந்தால் இ-வே பில்லுக்காக (வண்டியில் போகும் சரக்குக்கு ஜிஎஸ்டி தளத்தில் போடும் சீட்டு) அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டத்தான் போகிறீர்கள். தட்டியதை ஏன் திரும்பக் கையால் எழுத வேண்டும்?

2024 ஜூன் 10, இரவு

திருத்தம். 50,000 என்று அவசரத்தில் எழுதிவிட்டேன். அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு. தமிழ்நாட்டுக்குள்ளேயே நகர்ந்தால் வரம்பு ஒரு லட்சம். மாநிலங்களுக்கு இடையிலான இ-வே பில் 2018 ஏப்ரல் 1 அன்று வந்தது. நம் மாநிலத்துக்குள் ஜூன் 2 முதல். ஜாப் ஒர்க்குக்கு அடுத்த மாநிலத்துக்கு அனுப்பினால் மட்டும் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் பில் போட்டாக வேண்டும்.

கணக்குப்பிள்ளை இதைப் படித்தால் சிரிப்பார். "நோட்டில் எழுதும்போது இப்படி அவசரப்பட மாட்டீங்க" என்பார்.

2024 ஜூன் 13

நோட்டில் இல்லாதது என்ன இருக்கு என்ற கேள்வி மனதிலேயே நிற்கிறது. நேர்மையான பதில்: எதுவும் இல்லை. ஆனால் நோட்டில் இருப்பதை நோட்டிலிருந்து எடுக்க முடியாது.

ஜாப் ஒர்க்குக்குப் போன துணி ஒரு வருடத்துக்குள் திரும்பவில்லை என்றால், அதை அனுப்பிய நாளிலேயே விற்றதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். வரியும் அந்தத் தேதியிலிருந்து. போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று ஐடிசி-04 படிவத்தில் கணக்குக் கொடுக்க வேண்டும். விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மற்றவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை. நோட்டுக் காலத்தில் இந்தப் படிவத்துக்கு இரண்டு நாள் கடையை மூடாத குறை. போனது ஒரு பக்கத்தில் இருக்கும், வந்தது நாற்பது பக்கம் தள்ளி இருக்கும், அதுவும் மூன்று தவணையாக.

எக்செல்லில் ஏற்றிய முதல் மாதமே, திரும்பாத லாட் எது என்று வடிகட்டிப் பார்த்தேன். ரெய்சிங் போட, அதாவது துணியில் பஞ்சு எழுப்ப, அனுப்பிய 11 ரோல் எட்டு மாதமாக அங்கேயே கிடந்தது. போன் செய்தால், "நீங்கள் கேட்கவே இல்லையே" என்கிறார். துணி முழுக்கத் தூசி. ஆனால் முழுசாக இருந்தது.

அந்த 11 ரோலும் நோட்டில் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. அதையும் சொல்லிவிட வேண்டும். மார்ச் மாதப் பக்கம், அழகான கையெழுத்து.

2024 ஜூன் 16

"எக்செல் போதுமா?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஆரம்பிக்கப் போதும். ஆனால் எங்கள் இரண்டு விபத்துகளையும் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். இரண்டும் என் கைங்கரியம்.

முதலாவது, லாட் நம்பர். நாங்கள் 5/12 என்றுதான் எழுதுவோம். ஐந்தாவது பார்ட்டி, பன்னிரண்டாவது லாட். தட்டியதும் அது மே மாதமோ டிசம்பர் மாதமோ ஆகிவிடும். 15/40 மாதிரி எண்கள் மட்டும் தேதியாக முடியாமல் ஒழுங்காக நிற்கும். பாதி லாட் தேதி, பாதி லாட் நம்பர். வரிசைப்படுத்தினால் எங்கெங்கோ போய் உட்கார்ந்தன. நம் படிப்பறிவுக்கு வந்த சோதனை என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் மரபணு ஆராய்ச்சிக்காரர்களுக்கே இதே கதை. மார்ச்1, செப்ட்1 என்றெல்லாம் மரபணுக்களுக்குப் பெயர் உண்டாம். எக்செல் அவற்றைத் தேதியாக்கித் தள்ள, 2020இல் மரபணுக்களுக்கே பெயரை மாற்றிவிட்டார்கள். 2023இல்தான் இந்த மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதி எக்செல்லில் வந்தது. நாங்கள் அதற்கு முன்பே சாய்கோட்டை விட்டுவிட்டு 5க12 என்று எழுதத் தொடங்கியிருந்தோம். க என்றால் என்ன என்று புதுப் பையன் கேட்டான். கணக்குப்பிள்ளை, "கடுப்பு" என்றார்.

இரண்டாவது பெரிய விபத்து. சம்பளம். நாளை எழுதுகிறேன்.

2024 ஜூன் 18

நாளை என்றால் நாளை மறுநாள். ஷிப்மெண்ட் இருந்தது.

வங்கியில் மொத்தமாகச் சம்பளம் போட ஒரு பட்டியல் ஏற்ற வேண்டும். பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி என்ற வங்கிக் கிளைக் குறியீடு, தொகை. எக்செல் 15 இலக்கம் வரைதான் எண்ணை நினைவில் வைத்திருக்கும். பதினாறாவது இலக்கத்தைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும். எங்கள் ஆட்களில் எட்டுப் பேருக்கு 16 இலக்கக் கணக்கு. வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்டில் பெயரைப் பார்த்துப் பணம் போடுவதில்லை, கணக்கு எண் மட்டும்தான் பேச்சு. சனிக்கிழமை இரவு ஏழு பேருக்குச் சம்பளம் ஏறவில்லை. எட்டாவது ஆளின் கணக்கு எண் பூஜ்யத்தில்தான் முடியும். அவருக்கு மட்டும் சரியாகப் போய்ச் சேர்ந்தது. அவர் கையில் மந்திரித்த கயிறு கட்டியிருந்தார் என்று ஒரு பேச்சு கிளம்பியது.

நல்லவேளை, ஏழும் அப்படி ஒரு கணக்கே இல்லை என்று திரும்பி வந்தன. எங்காவது யாருக்காவது போயிருந்தால் என்ன செய்திருப்பேனோ. ஓனர் வீட்டுக்குப் போய்ப் பணம் வாங்கி வந்து, ராத்திரி பத்து மணிக்கு ஏழு பேருக்கும் கையில் கொடுத்தோம். அன்று கணக்குப்பிள்ளை வாயே திறக்கவில்லை. அதுதான் அதிகம் உறைத்தது.

எண்களைத் தட்டும் முன் அந்த நெடுவரிசையை எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். தட்டிய பிறகு மாற்றினால் பயனில்லை, போன இலக்கம் போனதுதான். ஐஎஃப்எஸ்சியில் ஐந்தாவது இடம் எப்போதும் பூஜ்யம். அதை ஓ என்று தட்டாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

2024 ஜூன் 26

இடையில் ஒரு செய்தி. கடையில் இப்போதைய வகைப் பார்கோடைப் படித்து முதல் பொருளை விற்று இன்றோடு 50 வருடம். 1974 ஜூன் 26, அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து டிராய் என்ற ஊர். ஒரு பாக்கெட் சூயிங்கம்.

எங்களிடம் அது வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. கட்டிங்கில் ஒவ்வொரு பண்டலுக்கும் ஸ்டிக்கர். முன்பெல்லாம் பண்டல் சீட்டில் கூப்பன் இருக்கும். ஓவர்லாக் அடித்தவர் தன் கூப்பனைக் கிழித்து ஒரு தாளில் ஒட்டிவைப்பார். பீஸ் கணக்குக் கூலி அதை வைத்துத்தான். யார் கூப்பன் யார் தாளில் போனது என்று வாரம் ஒரு சண்டை நிச்சயம். இப்போது பட்டென்று படித்தால் முடிந்தது. சண்டை போயே போச்சு.

கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டேன். இப்போது ஸ்டிக்கர் சூட்டில் உரிந்து விழுகிறது. அயர்ன் டேபிளுக்கு அடியில் பெருக்கும் அக்கா தினமும் பத்துப் பதினைந்து எடுத்துக் கொடுக்கிறார். அவை யாருடையவை என்று ஒரு சண்டை.

2024 ஜூலை 7

சம்பளத்தைப் பற்றி எழுதியதைத் திரும்பப் படித்தேன். கணக்கு எண்ணைத் திருத்திவிட்டால் எல்லாம் சரி என்பதுபோல் இருக்கிறது. அப்படி இல்லை.

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் கவர். வாரச் சம்பளம், ரொக்கம். 2016 நவம்பரில் பழைய நோட்டு செல்லாது என்றபோது கவரில் போடப் பணம் இல்லை. அவசர அவசரமாக எல்லோருக்கும் வங்கிக் கணக்கு தொடங்கினோம். 2017இல் ஊதியச் சட்டத்தைத் திருத்தி, ஆளிடம் எழுதி வாங்காமலே வங்கியில் சம்பளம் போடலாம் என்றார்கள். எனக்கு மகிழ்ச்சி. கட்டுக் கட்டாக எண்ணி, சில்லறை பிரித்து, கவரில் பேர் எழுதும் வேலை போனது. ஒரு வெள்ளி இரவு எனக்கு மிச்சம்.

இரண்டு மாதம் கழித்து செக்கிங் பகுதியிலிருந்து ஆறு பெண்கள் சேர்ந்து வந்தார்கள். பழையபடி கவரே வேண்டும் என்றார்கள். வங்கி பக்கத்தில்தானே, ஏடிஎம் இருக்கிறதே என்று நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு அக்கா நிறுத்திவிட்டு, "மெசேஜ் அவர் போனுக்குப் போகுதுங்க" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எனக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. கணக்கு தொடங்கும்போது வீட்டில் இருந்த ஒரே போன் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். சம்பளம் எவ்வளவு, எத்தனை மணிக்கு ஏறியது, எல்லாம் அவருக்கு முதலில் தெரிந்துவிடுகிறது. கவர் இருந்தபோது பஸ் ஏறும் முன் இருநூறு முந்நூறை எடுத்து முந்தானையில் முடிந்துகொள்ளலாம். சீட்டு கட்டலாம். அந்த இருநூறு எங்கள் எந்த நோட்டிலும் இல்லை. அதனால் கம்ப்யூட்டரிலும் வரவில்லை.

ஆறு பேரில் நான்கு பேருக்கு வங்கியில் போன் நம்பரை மாற்ற நானே கூடப் போனேன். இரண்டு பேர் அது வீட்டில் பிரச்சினையாகும் என்றார்கள். அவர்களுக்கு ஓவர்டைம் பணத்தை மட்டும் இன்றைக்கும் கவரில், வவுச்சரில் கையெழுத்து வாங்கித் தருகிறோம்.

2024 ஆகஸ்ட் 21

கைரேகை மிஷின் பற்றிக் கேட்டவருக்கு: வாங்காதீர்கள். கட்டிங் மேசையிலும் அயர்னிலும் வருடக்கணக்காக நின்றவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கிறது. காலை எட்டரைக்கு வாசலில் வரிசை. ஒவ்வொருவரும் விரலைப் பாவாடையில், லுங்கியில் துடைத்துத் துடைத்து வைக்கிறார்கள். முகம் பார்க்கும் மிஷின் தேவலை.

ஆனால் மிஷின் நேரத்தைச் சொல்லும், ஷிப்டைச் சொல்லாது. எங்களுக்கு எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், பன்னிரண்டு என்றால் ஒன்றரை. நடுவில் கால், அரை, முக்கால் உண்டு. மேஸ்திரி நோட்டில் ஒருவருக்கு முழு ஷிப்ட் போட்டிருப்பார். மிஷினில் ஏழு மணி நேரம் பத்து நிமிடம் என்றிருக்கும். நான் ஏதோ ஊழலைக் கண்டுபிடித்த மாதிரி போய்க் கேட்டேன். மேஸ்திரி நோட்டைத் திருப்பிக் காட்டினார். ஓரத்தில் சின்னதாக ஒரு புள்ளி. "குழந்தைக்கு ஊசி போடப் போச்சுங்க. முந்தாநாள் டீ டைமில் உக்காந்து ரெண்டு பண்டல் சேத்து அடிச்சுக் குடுத்துட்டுதான் போச்சு." புள்ளி வைத்தால் நேர்செய்துவிட்டார்கள் என்று அர்த்தம். பதினாறு வருடமாக அந்த நோட்டைப் பார்க்கிறேன். புள்ளியை மைத்துளி என்று நினைத்திருந்தேன்.

சரி, மென்பொருளில் மேஸ்திரி குறிப்பு என்று ஒரு பத்தி சேர்த்தோம்.

2024 ஆகஸ்ட் 29

மேஸ்திரி குறிப்பு பத்தியில் இப்போது எல்லோருக்கும் எல்லா நாளும் புள்ளி இருக்கிறது. நோட்டில் வாரத்துக்கு நான்கைந்து இருக்கும். கேட்டால், "தட்டுறது சுலபமா இருக்குங்க" என்கிறார்.

மாற்றிவிட்டோம். புள்ளி வைத்தால் பக்கத்தில் காரணம் ஒரு வரி எழுத வேண்டும். மறுபடி நான்கைந்துக்கு வந்துவிட்டது.

2024 அக்டோபர் 12

நேற்று ஆயுத பூஜை. மிஷின் ஒவ்வொன்றுக்கும் பொட்டு, பொரி, கடலை, வாழைக்கன்று. அலுவலகத்தில் கம்ப்யூட்டருக்கும் மாலை. இன்று காலை ஸ்கேனர் எந்த பண்டலையும் படிக்க மாட்டேன் என்கிறது. சர்வீஸ் ஆளுக்குப் போன் செய்து, வயரை மாற்றி, மென்பொருளை நிறுத்தித் தொடங்கி ஒரு மணி நேரம் போனது. கடைசியில் பெருக்கும் அக்கா வந்து பார்த்துவிட்டுச் சொன்னார். கண்ணாடிக்கு நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். பக்தியோடு வைத்தவர் யாரென்று கேட்கவில்லை. நான்தான்.

2025 ஏப்ரல் 4

பழைய இழைதான், ஆனாலும் புலம்ப வேறு இடம் இல்லை. இந்த மாதம் ஒன்றாம் தேதி முதல் இ-வே பில் தளத்தில் எல்லோருக்கும் ஓடிபி கட்டாயம். எங்கள் ஓடிபி ஓனர் போனுக்குப் போகும். நேற்று இரவு பதினொன்றேகாலுக்கு பெங்களூர் வண்டியில் பெட்டி ஏற்றியாயிற்று, டிரைவர் வண்டியில் உட்கார்ந்துவிட்டார், ஓனர் தூங்கிவிட்டார். நான்காவது முறை அடித்தபோது வீட்டம்மா எடுத்தார். "யாருக்கு என்னாச்சு?" என்றார் பதறிப்போய். ஒன்றும் இல்லைங்க, ஆறு நம்பர் வேணும் என்றேன்.

நோட்டுக் காலத்தில் சலானைக் கிழித்துக் கொடுக்க யாரையும் எழுப்பியதில்லை.

2025 ஏப்ரல் 6

மேலே எழுதியதற்கு நானே பதில். தளத்தில் துணைப் பயனர் என்று ஒரு வசதி ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. இரவு ஷிப்ட் பார்க்கும் பையனுக்கு அவன் நம்பரிலேயே ஒரு கணக்கு போட்டுக் கொடுத்தால் ஓடிபி அவனுக்கே போகும். ஐந்து நிமிட வேலை. ஏழு வருடமாக எல்லோரும் ஓனர் கடவுச்சொல்லைக் காலண்டர் பின்னால் எழுதிவைத்துப் பயன்படுத்தியிருக்கிறோம். காலண்டர் வருடம் மாறினாலும் கடவுச்சொல் மாறவில்லை. தளத்தைத் திட்டியது தப்பு.

2025 மே 25

கணக்குப்பிள்ளை இந்த மார்ச்சோடு ஓய்வு என்றார். ஏப்ரலில் திரும்பி வந்துவிட்டார், காலையில் மட்டும். கம்ப்யூட்டரைத் தொட மாட்டார். அச்செடுத்துக் கொடுத்தால் பார்ப்பார்.

டேலியில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று பதியும் வசதி உண்டு. 2023 ஏப்ரல் முதல் கம்பெனிச் சட்டத்தில் பதிவான நிறுவனங்களுக்கு அது கட்டாயம். நாங்கள் பார்ட்னர்ஷிப், எங்களுக்கு இல்லை. இருந்தாலும் போட்டேன். அவரிடம் பெருமையாகக் காட்டினேன். "பேரேட்டில் ரப்பர் போடக் கூடாது, தப்பை அடிச்சுட்டுப் பக்கத்தில் எழுதிச் சுருக்கொப்பம் போடணும்னு எனக்கு முதல் நாள் சொல்லிக் குடுத்தாங்க. அதைக் கண்டுபிடிக்க இவங்களுக்கு இத்தனை வருஷமா?" என்றார்.

அன்றே இன்னொன்றும் செய்தார். டையிங் பில்லுக்கும் எங்கள் கணக்குக்கும் 27 கிலோ வித்தியாசம். நான் லாட் லாட்டாகத் திறந்து பார்க்க உட்கார்ந்தேன். அவர் தாளைத் தூரத்தில் வைத்து, "ஒன்பதால் வகுபடுது. எங்கேயோ ரெண்டு நம்பர் இடம் மாறியிருக்கு" என்றார். 285ஐ 258 என்று தட்டியிருந்தான் பையன். இரண்டு இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் வரும். எனக்கு 2008லேயே சொல்லிக் கொடுத்திருக்கிறாராம்.

2025 ஜூலை 19

முதலில் கேட்டவர் எழுதியிருக்கிறார். மூன்று லட்சம் கொடுக்கவில்லை, ஜாப் ஒர்க் சலானை மட்டும் மகன் எக்செல்லில் ஏற்றிவிட்டான், ஓடுகிறது, இப்போது எல்லா நோட்டையும் மூடிவிடலாமா என்கிறார்.

எங்கள் ஆறில் மூன்றை மூடினோம். குடோன், பேடு, கட்டிங் மாஸ்டரின் குட்டி நோட்டு. கடைசியது அவராகக் கொடுக்கவில்லை, ரிட்டயர் ஆனபோது வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். டிசி சட்டப்படி வண்டியோடு வர வேண்டும், அது இருக்கும். கேட் நோட்டை மூடவில்லை. வாட்ச்மேனுக்கு டேப்லெட் வாங்கிக் கொடுத்தோம், மழையில் போனது, அதோடு விட்டோம். இப்போது தராசில் காட்டும் எடையை அவர் டிசியைப் பார்க்காமல் முதலில் தன் நோட்டில் எழுத வேண்டும், அப்புறம்தான் டிசியை வாங்க வேண்டும். இந்த வரிசை முக்கியம். டிசியைப் பார்த்துவிட்டால் கை தானாக அதையே எழுதும்.

மீதியை அப்புறம் எழுதுகிறேன். கேட்டிலிருந்து கூப்பிடுகிறார்கள். டிசியில் 421.6 கிலோ, அவர் நோட்டில் 412.6. டையிங் வண்டி டிரைவர் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்கிறார். கணக்குப்பிள்ளை ஏற்கனவே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.